997க்கு அடுத்த எண்

…ஏழால் வகுத்தால் மீதி ஆறு, பதினொன்றால் மீதி ஒன்று, பதின்மூன்றால் மீதி பன்னிரண்டு, இன்னும் ஒன்றே ஒன்று கூட இருந்திருந்தால் பதின்மூன்று முழுசாக விழுங்கியிருக்கும், பதினேழால் ஒன்பது, பத்தொன்பதால் இரண்டு… ஏழு மாதமாகத் தலைக்குள் ஓடிக்கொண்டிருப்பது, நில் என்றால் நிற்காது, பல் துலக்கும்போதும் ஓடும், யாராவது தோளைத் தொட்டு ஆறுதல் சொல்லும்போதும் ஓடும், தலையை ஆட்டிக்கொண்டே அவன் இருபத்து மூன்றுக்குப் போயிருப்பான், 997 வந்ததும் மறுபடி ஏழுக்கே திரும்பிவிடுவான். ஆவண அறையின் கம்பி ஜன்னலுக்குப் பின்னாலிருந்த எழுத்தர் நம்பர் என்றார். 1227953 என்றான், கடிதத்தைப் பார்க்காமல், மூச்சு விடாமல். பேர் என்றார். பேர்… நாக்கு எழவில்லை, பின்னாலிருந்து எட்டிப் பார்த்துப் பெயரைச் சொன்னது சின்னவள்தான், அவன் மனைவியின் தங்கை. "நம்பரைப் பாட்டு மாதிரி ஒப்பிக்கறீங்க, பேருக்குப் போய் யோசிக்கறீங்களே சார்," என்று எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், குத்திக்காட்டும் குரல் இல்லை, காலையிலிருந்து தனியாக உட்கார்ந்திருக்கும் மனிதரின் குரல். உட்காருங்க, ஏழு மாசத்துக்கு முந்தின கட்டு மேல் பரண்ல இருக்கும், ஏணி போடணும், என் முழங்காலைக் கேட்டுத்தான் ஏறணும் என்றார். உட்கார்ந்தார்கள். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் இந்த ஓரம் அவன், அந்த ஓரம் அவள், நடுவில் அவளுடைய கைப்பை. அந்த இடத்தில் உட்கார வேண்டியவள் யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும், அதனால்தான் பையை வைத்தாளோ என்னவோ.

இன்றைக்குச் சின்னவள் வந்திருக்கவே மாட்டாள். கோப்பின் நகலையும், வார்டில் விட்டுப்போன பொருள்களையும் வாங்கிக்கொள்ளுங்கள், ரத்த உறவு ஒருவரும் கையெழுத்திட வேண்டும், இந்த மாதத்துக்குப் பிறகு வைத்திருக்க மாட்டோம் என்று கடிதம் வந்தது. ரத்த உறவு… அவன் ரத்தம் சேராதாம், அவன் வெறும் புருஷன். மாமியார் கட்டிலைவிட்டு எழுவதில்லை. சின்னவளுக்குக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினான், ஒரு வார்த்தை கூட எழுதவில்லை, அவளும் வெறும் "வரேன்" என்று பதில் போட்டாள். ஏழு மாதத்தில் அது ஒன்றுதான் பேச்சு. பதினாறாம் நாள் காரியத்தில் எல்லோர் முன்னாலும் அவள் கேட்டாளே, "அக்காவுக்குத் தெரியுமா?" என்று. அவன் இல்லை என்றான், தெரியாது, கடைசி வரைக்கும் தெரியாது, நிம்மதியாகத்தான் போனாள் என்றான், அதைச் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்த மடையன். சின்னவள் அழக்கூட இல்லை. "அப்போ யார்கிட்டயும் எதையும் சொல்லிட்டுப் போக விடல நீங்க. அது அவ சாவு மாமா. உங்களுது இல்ல." அவ்வளவுதான் சொன்னாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டாள். யோசித்துப் பார்த்தால் அந்தக் கணக்கில் தப்பு எதுவும் இல்லை. ஏழு மாதமாக யோசித்துப் பார்க்கிறான், தப்பு எதுவும் இல்லை.

நான்காம் தேதி மாலை, ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், அந்த எண்ணை மனைவியின் மணிக்கட்டில் கட்டினார்கள், வெள்ளை பிளாஸ்டிக் பட்டை, கறுப்பு எழுத்து. ஜன்னலோரக் கட்டில். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர், வீட்டிலும் அவனுக்கு டீச்சர்தான், வேறு பெயர் சொல்லி அவன் கூப்பிட்டதே இல்லை, அதனால்தான் இன்றைக்கு நாக்கு எழவில்லையோ. பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தராசு, இது பிரைமா இருக்குமா?" என்றாள். தராசு என்பது அவன். கல்லூரியில் ஒரே வகுப்பு, கணக்கு மூன்றாம் ஆண்டு, பேருந்துச் சீட்டிலிருந்து வண்டி எண் வரை எதைப் பார்த்தாலும் இதே விளையாட்டுதான், ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண்ணா, பகா எண்ணா, யார் முதலில் சொல்வது. தோற்றவர் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். ஏழு இலக்கம், மனசால் முடியாது, அவன் பேனாவை எடுத்து முதலில் வர்க்கமூலம் பார்த்தான், அதுதான் முறை, வர்க்கமூலம் வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், அதற்கு மேல் தேவையில்லை. ஆயிரத்து நூற்று எட்டின் வர்க்கம் போக மீதி இருநூற்று எண்பத்தொன்பது. எழுதி முடிக்கவில்லை, "பதினேழு," என்றாள். பதினேழின் வர்க்கம் இருநூற்று எண்பத்தொன்பது. 1108ன் வர்க்கமும் 17ன் வர்க்கமும் சேர்ந்தால் அந்த எண், அப்படியே, ஒட்டாமல் உதிராமல். அவள் முகம்… காய்ச்சலோடு கிடந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு வர்க்கமாகப் பிரிகிறது, நல்ல சகுனம் என்றாள், கணக்கு டீச்சர் சகுனம் பார்க்கலாமா என்று இவன் சிரித்தான். "பிரைமா இருந்தா இந்த ஒரு வழியிலதான் எழுத முடியும், ஞாபகம் இருக்கா?" ஞாபகம் இருந்தது. பதின்மூன்று என்றால் நாலும் ஒன்பதும், வேறு வழியே கிடையாது. அறுபத்தைந்து என்றால் ஒன்றும் அறுபத்து நாலும், பதினாறும் நாற்பத்தொன்பதும், இரண்டு வழி, இரண்டாவது வழி ஒன்று இருந்தாலே அது உடைகிற எண் என்று அர்த்தம், ஐந்து பதின்மூன்று அறுபத்தைந்து. மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட பாடம். அவள் இரண்டாம் பெஞ்ச். அவளுடைய பின்னல்தான் பாடத்தைவிட நன்றாக ஞாபகம்.

டக் என்று ஒரு சத்தம். சின்னவள் எழுந்துபோய் நடைவழிச் சுவரோரம் நின்ற எடை மெஷினில் ஏறியிருந்தாள், பழைய வட்ட முகம், சிவப்பு முள். வந்தவுடனேயே அவன் கண்ணில் பட்டது, யாரும் ஏறாமலே முள் இரண்டில் நின்றது, கை பரபரத்தது, அடங்கு என்று சொல்லி உட்கார வைத்திருந்தான். "அம்பத்திமூணா," என்றாள் அவள், யாரிடமும் இல்லை, முள்ளிடம். ரெண்டு கழிச்சுக்கோ என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் திரும்பினாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு, ரெண்டு கழிச்சுக்கோ. "பொய் சொல்ற மெஷினா?" "ரெண்டு கிலோ பொய். எப்பவும் ரெண்டுதான்னா பரவாயில்ல." "ஆஸ்பத்திரியில வச்சிருக்கறதே இப்படியா," என்று இறங்கிவிட்டாள். மறுபடி உட்கார்ந்தபோது கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நடு இடம் காலியாக இருந்தது. அது இன்னும் மோசம்.

எவ்வளவு பொய் என்று தெரிந்தால் பரவாயில்லை… இதையேதானே டீச்சரிடமும் சொன்னான், கல்யாணமான புதிதில், வேலைப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி அவள் அடம் பிடித்த அன்று. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவன் வேலை, படித்த கணக்குக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அவன் அப்பா தலையில் அடித்துக்கொண்ட வேலை. வெல்வெட் குழிகளில் பித்தளை எடைகள், தொடாதே என்றான், விரல் வேர்வை பட்டால்கூட எடை ஏறும், இடுக்கியால்தான் எடுக்கணும். அவள் உடனே கையைக் கட்டிக்கொண்டாள், வகுப்பில் பிள்ளைகள் கட்டுவதுபோல. முதலில் எடை தெரிந்த ஒன்றை வைப்போம், ஒரு கிலோ, அது சரியாக ஒரு கிலோ என்று நமக்குத் தெரியும், தராசு என்ன சொல்கிறது என்று பார்ப்போம், ஆயிரத்து ஐந்து கிராம் என்றால் ஐந்து கிராம் கூட்டிச் சொல்கிற தராசு, அப்புறம் அது எதைச் சொன்னாலும் அதில் அந்தப் பொய்யைக் கழித்துக்கொண்டால் உண்மை வந்துவிடும். சரியான தராசு என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது டீச்சர், எவ்வளவு பொய் சொல்லும் என்று தெரிந்த தராசு, தெரியாத தராசு, ரெண்டே ஜாதிதான். அவள் பெட்டியிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள். "அப்போ பொய் சொல்ற தராசோடயும் குடித்தனம் பண்ணலாம்னு சொல்றே." பண்ணலாமே. "சரி, பாத்துக்கறேன்." அன்றைக்குத்தான் அவனுக்குத் தராசு என்று பெயர் வந்தது.

ஏணி இழுபடும் சத்தம் உள்ளே. முழங்கால் சம்மதித்துவிட்டது போல. மருத்துவமனை நடைவழிகள் எல்லாம் ஏன் ஒரே பச்சையில் இருக்கின்றன, பாதிச் சுவர் வரைக்கும் பச்சை, மேலே அழுக்கு வெள்ளை, இரண்டாம் மாடியிலும் இதே பச்சையில் முதுகைச் சாய்த்துத்தான் ஐந்து நாள் வகுத்துக்கொண்டிருந்தான். அவளுடைய பழைய பாடப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பகா எண் பட்டியல் இருந்தது, இரண்டிலிருந்து ஆயிரம் வரை, நூற்று அறுபத்தெட்டு எண்கள். ரத்தம் எடுக்கிறார்கள், இவன் வெளியே, ஒரு எண். படம் எடுக்கக் கூட்டிப் போகிறார்கள், இவன் வெளியே, மூன்று எண். ஃபோனில் தட்டினால் ஒரு நொடி, தெரியும், ஆனால் ஃபோனைத் தொட்டால் ஆட்டம் செல்லாது, அது பழைய சட்டம். கையால்தான் போட வேண்டும், கையால் போடும்போது வேறு எதையும் நினைக்க முடியாது, அதுதானே வேண்டியிருந்தது. ஒன்பதாம் தேதி பிற்பகல் பட்டியலின் கடைசி வரிக்கு வந்துவிட்டான், 983ல் மீதி நூற்றெண்பத்தாறு, 991ல் நூற்று நான்கு, 997ல் அறுநூற்று நாற்பத்தாறு. பட்டியல் முடிந்தது. எண் முடியவில்லை, 1108 வரைக்கும் போக வேண்டும், இன்னும் பதினேழு பகா எண்கள் பாக்கி, அதிலும் பதினேழு என்று சிரித்துக்கொண்டான், அடுத்தது 1009, நாமே எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவை வைத்தபோதுதான் கதவு திறந்தது. ஒன்று இரண்டு இரண்டு ஏழு ஒன்பது ஐந்து மூன்று, கூட இருக்கறவங்க யாரு, டாக்டர் கூப்பிடறார்.

டாக்டர் இளவயது, அவனைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட, மேஜையில் பாதி கடித்த பிஸ்கட், அதை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு காகிதத்தால் மூடிவிட்டுப் பேசினார். மூன்று வாரம் என்றார், நான்கு என்றால் அதிகம் என்றார், அவங்ககிட்ட நாங்க சொல்லணுமா நீங்க சொல்றீங்களா என்றார். நான் சொல்றேன் என்றான். வெளியே வந்து தண்ணீர் குடித்தான். அறைக்குள் நுழைந்தபோது அவள் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கேட்டாள், முதலில் எண்ணைப் பற்றி, அப்புறம் டாக்டரைப் பற்றி. "தராசு, பிரைமா?" கையில் புத்தகம் இருந்தது, பதினேழு பாக்கி என்று சொல்லியிருக்கலாம். பிரைம்தான் என்றான். "டாக்டர் என்ன சொன்னார்?" கொஞ்ச நாள் ஆகும், சரியாயிடும்னார் என்றான். ஒரே மூச்சில் இரண்டும் வந்தன, முதல் பொய் வழிவிட்டது, இரண்டாவது அதன் பின்னாலேயே வந்துவிட்டது, அவனுக்கே ஆச்சரியம், இவ்வளவு சுலபமா என்று. அவள் தலையை ஆட்டினாள். அதற்கப்புறம் தினமும் அவன் வேலை முடிந்து வந்ததும் அந்த இரண்டு கேள்விகள், அதே வரிசை. பிரைம்தானே? பிரைம்தான். டாக்டர் என்ன சொல்றார்? பரவாயில்லன்றார். விளையாட்டு என்றுதான் நினைத்தான். பாவம், பொழுது போகவில்லை என்று நினைத்தான்.

"மாமா." சின்னவள். முகத்தைத் திருப்பாமல் எதிர்ச் சுவரைப் பார்த்தே கேட்டாள். "நிஜமாவே அவளுக்குத் தெரியாதா? ஒரு தடவை கூடக் கேட்கலையா?" கேட்டாள், தினமும் கேட்டாள் என்று சொல்ல வாய் எடுத்தான், எடுத்தால் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று வரும். "தெரியாது," என்றான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நான் பரீட்சையைத் தூக்கிப் போட்டுட்டு வந்திருப்பேன். முடிச்சுட்டே வான்னு நீங்கதானே சொன்னீங்க." ஆமா. நான்தான் சொன்னேன். "அவ சரியாயிடுவான்னு நம்பித்தான் எழுதினேன். நல்ல மார்க் வேற." மீதி, மீதி, எல்லாவற்றிலும் ஏதோ ஒரு மீதி.

எழுத்தர் தும்மிக்கொண்டே வந்தார், தலையெல்லாம் தூசி, கையில் ஒரு கோப்பும் ஒரு பழுப்பு உறையும். கையெழுத்துப் போட்டார்கள், அவன் கீழே சின்னவள், பேனா ஜன்னல் கம்பியில் நூலால் கட்டப்பட்டிருந்தது, அவள் குனிய வேண்டியிருந்தது. "பொருளை எண்ணிப் பாத்துக்குங்க, அப்புறம் அது இல்ல இது இல்லன்னா எனக்கு ஏற முடியாது." உறையைக் கவிழ்த்தான். மூக்குக்கண்ணாடி, ஒரு கண்ணில் கீறல். தலைமுடிக் கிளிப் இரண்டு. கட்டைவிரல் நீளத்துக்குத் தேய்ந்த பென்சில். வெட்டி எடுத்த கைப்பட்டை, அந்த எண், வளையம் அறுந்து ஒரு கோடாகக் கிடந்தது. நான்காக மடித்த உணவுச் சீட்டு ஒன்று. உணவுச் சீட்டு காலையில் வருவது, திரவம், உப்பில்லாதது, சாதாரணம் என்று மூன்று கட்டம், ஒன்றில் குறி, மேலே தேதி. தேதி பதினொன்று. திருப்பினான். பின்பக்கம் முழுக்க அவள் கையெழுத்து, கரும்பலகைக்குப் பழகிய வட்ட எழுத்து, மூன்று வரிசையாக எண்கள். 8, 28, 32, 52, 68, 88, 92, 112… ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. என்ன இது… மருந்து நேரமா, சொட்டு எண்ணிக்கையா. நாலால் வகுபடுகிறவை எல்லாம். எல்லாம் இரண்டிலோ எட்டிலோ முடிகின்றன. மூன்றால் வகுபடுவது ஒன்றுகூட இல்லை, 12 விடுபட்டிருக்கிறது, 48 விடுபட்டிருக்கிறது… சீட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினான். இரண்டு வர்க்கங்களின் கூட்டல் அந்த எண் என்றால், அதில் இரட்டை எண்ணாக இருக்கக்கூடியது இவற்றில் ஒன்றுதான், வேறு எதுவும் கடைசி இலக்கத்துக்கு ஒத்து வராது, அவள் தேவையில்லாததை எல்லாம் கழித்துவிட்டு மிஞ்சியதை மட்டும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்திருக்கிறாள். இரண்டாவது வழியைத் தேடியிருக்கிறாள். மூன்றாம் வரிசையின் அடியில், நாற்பத்தொரு பெருக்கல் குறிகளுக்குப் பிறகு, 628. பக்கத்தில் 913. குறி எதுவும் இல்லை, பென்சிலை அழுத்தி ஒரு சின்னப் புள்ளி.

628ன் வர்க்கம் மூன்று லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்து முந்நூற்று எண்பத்து நாலு. 913ன் வர்க்கம் எட்டு லட்சத்து முப்பத்து மூவாயிரத்து ஐந்நூற்று அறுபத்தொன்பது. கூட்டினான், உறையின் மேல், நூல் கட்டிய பேனாவால், ஜன்னலில் சாய்ந்துகொண்டு. 1227953. இரண்டு வழி. அப்படியானால் உடைகிற எண். அப்படியானால் பாக்கி இருந்த பதினேழில் ஏதோ ஒன்று. பதினேழையும் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்து முதலாவதை எழுதினான், 1009, ஒன்று, மீதி இருநூற்றுப் பதினெட்டு, அடுத்த இலக்கத்தை இறக்கு, இரண்டு, மீதி நூற்றெழுபத்தொன்று, இறக்கு, ஒன்று, மீதி எழுநூற்று ஆறு, இறக்கு, ஏழு… ஆயிரத்து இருநூற்றுப் பதினேழு முறை. மீதி… கையை எடுத்துவிட்டுப் பார்த்தான். மீதி இல்லை. 997க்கு அடுத்த எண். அந்தக் கதவு இரண்டு நிமிடம் தாமதமாகத் திறந்திருந்தால் போதும். "சார், எல்லாம் சரியா இருக்கா?" என்றார் எழுத்தர். சரியா இருக்கு என்றான். "கணக்கெல்லாம் போடறீங்க, ஏதாவது குறையுதோன்னு பார்த்தேன்." இல்லை, குறையவில்லை, ஒன்றும் மீதியும் இல்லை.

படிக்கட்டு. இரண்டாம் மாடியைக் கடக்கும்போது சின்னவள் அந்தப் பக்கம் பார்க்காமல் இறங்கினாள், அவனும்தான். வெளியே வெயில், மருந்துக் கடைகள், சக்கர நாற்காலி வாடகைக்கு என்று பலகை, பழக்கடைக்காரர் தராசில் ஒருவருக்கு ஆப்பிள் நிறுத்துக்கொண்டிருந்தார், தட்டின் அடியில் கட்டைவிரல் இருக்கிறதா என்று கண் தானாகப் போனது, இல்லை, நல்ல மனிதர். பேருந்து நிறுத்தத்தின் தகரக் கூரையடியில் நின்றார்கள். பதினொன்றாம் தேதி. இவன் பொய் சொல்லி இரண்டே நாள். ஆனால் சீட்டின் தேதிதான் பதினொன்று, எழுதியது அன்றுதான் என்று எப்படிச் சொல்வது, பழைய சீட்டை எடுத்துப் பிறகு எழுதியிருக்கலாமே, தலையணைக்கு அடியில் ஒரு கத்தையே வைத்திருந்தாள்… துணி துவைக்கும் மெஷினில் எந்தப் பொத்தான் எதற்கு என்று அவனை உட்காரவைத்து எழுதச் சொன்னாளே, அது எந்தத் தேதி. உனக்கு எதுக்கு இப்போ அந்தக் கவலை என்று இவன் சிரித்தான். கறுப்புத் துணியைத் தனியாப் போடணும், எழுது என்றாள். எழுதினான். இன்னும் மெஷின் மேலே ஒட்டியிருக்கிறது.

"அவ கடைசியா உன்கிட்ட ஃபோன்ல என்ன பேசினா?" என்று கேட்டான். சின்னவள் யோசித்தாள். "கடைசியான்னா… பதினாலாம் தேதி. மறுநாள் எனக்கு முதல் பரீட்சை. ஒண்ணும் பெரிசா இல்ல. ஆறாவது படிக்கும்போது என் ஜாமெட்ரி பாக்ஸ் காணாமப் போச்சு, அதுக்கு அம்மாகிட்ட அடி வாங்கினேன். அவதான் ஒளிச்சு வச்சாளாம். பொறாமையாம், என்னுது புதுசுன்னு. இவ்வளவு வருஷம் கழிச்சு எதுக்குடி இதைச் சொல்றேன்னு கேட்டேன். பரீட்சைக்கு பாக்ஸ் எடுத்து வச்சியான்னு கேட்க வந்தேன், ஞாபகம் வந்துச்சுன்னா. நான் திட்டினேன். நல்லாத் திட்டினேன், சிரிச்சுக்கிட்டே இருந்தா…" நிறுத்தினாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக இடம் மாறுவதை அவன் பார்த்தான், அதைப் பார்க்கக்கூடாது என்று சாலையைப் பார்த்தான். "அன்னிக்குத்தான் அந்த நம்பர் பத்தியும் சொன்னா," என்றாள். "என் நம்பர் பிரைம்டி, தராசு கையால போட்டுப் பார்த்துச் சொன்னான்னு. பெருமை தாங்கல." அவன் உறையிலிருந்து சீட்டை எடுத்து அவளிடம் கொடுத்தான். "பிரைம் இல்ல. ஆயிரத்து ஒன்பதால வகுபடும்." திருப்பினாள், மூன்று வரிசையையும் விரலால் தொட்டுக்கொண்டே போனாள், புள்ளியில் நின்றாள். அவள் படிப்பது கணக்கு இல்லை, ஆனால் அக்காவின் எழுத்து தெரியும், தேதி தெரியும். "அவளுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றான். பேருந்து வந்தது, நின்றது, இரண்டு பேரும் ஏறவில்லை, போய்விட்டது.

அப்படியென்றால் ஏன் கேட்டாள். உடைகிற எண் என்று தெரிந்த பிறகும் ஏன் ஒவ்வொரு மாலையும் அதையே முதலில் கேட்டாள், அப்புறம் இதை… முதலில் எடை தெரிந்த ஒன்று. அது என்ன சொல்கிறது என்று பார். எவ்வளவு பொய் என்று குறித்துக்கொள். அப்புறம் தெரியாததை வை. கூரைத் தகரம் வெயிலில் டப் என்று ஒரு முறை விரிந்தது. சரி, பாத்துக்கறேன் என்று சொன்னவள்தானே. அவன் முகத்தை, அவன் குரலை, பிரைம்தான் என்று சொல்லும்போது அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றாரா டாக்டர், சரி, என்று அந்தப் பொய்யைக் கழித்து மிச்சத்தைத் தனியாக வைத்துக்கொண்டு, துணி மெஷினும் ஜாமெட்ரி பாக்ஸும்… சின்னவள் ஏதோ கேட்கிறாள், இந்தச் சீட்டை நான் வச்சுக்கட்டுமா என்கிறாள், வச்சுக்கோ என்று தலையை ஆட்டினான். ஆனால் இருபத்தொன்பதாம் தேதி. கடைசி மாலை. அன்றைக்கு அவள் ஒரு கேள்விதான் கேட்டாள், டாக்டரைப் பற்றிக் கேட்கவில்லை, அப்பாடா, இன்றைக்கு ஒன்று குறைச்சல் என்று இவன் உள்ளுக்குள் மூச்சு விட்டான். "பிரைம்தானே?" என்றாள், குரல் எழும்பவில்லை, உதடுதான். பிரைம்தான் என்றான், எப்போதும் போல. நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டாள். இவனும்தானே கடை கடையாக அதைச் செய்கிறான், வேலை முடிந்து பெட்டியை மூடுவதற்கு முன்னால், எடை தெரிந்த அந்த ஒன்றை இன்னொரு தடவை வைத்துப் பார்ப்பது, நடுவில் தராசு மாறியிருக்கிறதா என்று. மாறவில்லை. ஒரு கிராம்கூட மாறவில்லை. மாறியிருக்குமா என்று எதிர்பார்த்துக் கேட்டாளா, மாறவில்லை என்று தெரிந்துகொண்டு நிம்மதியாகப் படுத்தாளா, அந்த நல்லதில் எது… சின்னவள் அடுத்த பேருந்துக்குக் கை காட்டினாள். அது அவர்கள் பேருந்து இல்லை, எண் வேறு. இரண்டு பேருமே ஏறினார்கள்.